ஓம் என்னும் பாடசாலை ஆசிரியர்

மின்தடையை அளக்கும் அலகுக்கு ஓம் என்று பெயர். 1881ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிற் கூடிய சர்வதேச மின்னியல் மகாநாடு அப்பெயரை ஏற்றுக்கொண்டது. அப்பெயருக்குரிய ஜோர்ஜ் சைமன் ஓம், தமது விதியைக் கண்ட காலத்தில், ஓர் உயர்தரப் பாடசாலையின் ஆசிரியராகவே இருந்தார்.

ஓம், 1789ஆம் ஆண்டில் ஜேர்மனியின் எர்லாங்கன் நகரிற் பிறந்தவர். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளி. எப்பாடசாலையின் உதவியுமின்றித் தாமே கணிதம் பயின்று, அதை மைந்தருக்கும் புகட்டினார் அவர். அத்தகைய தந்தைக்கு, மகன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பொழுதைப் போக்கியது பொறுக்குமா? மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806இல் ஓம் சுவிற்சர்லாந்து சென்று, பதினேழு வயதிற் கணித ஆசிரியரானார். பின்னர் எர்லாங்கனுக்கு மீண்டு 1811இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் வறுமை அவரை மீண்டும் பாடசாலைக்கே அனுப்பியது.

1817இல் கொலோன் நகரத்து உயர்தரப் பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பதவி கிடைத்தது. அங்கே நல்லதோர் ஆய்வுகூடம் இருந்தது. கற்பித்தற் கடமையோடு சோதனைகளையும் தொடங்கினார். அக்காலத்து மின்கலத்தில் ஒரு பெருந்தொல்லை உண்டு: இணைத்தவுடன் ஓட்டம் வலிமையாயிருக்கும், பின்பு தளர்ந்துவிடும். தளரும் ஓட்டத்தைக் கொண்டு எதனை அளப்பது? 1821இல் சீபெக் கண்ட வெப்பமின் விளைவைப் பயன்படுத்துமாறு பொகென்டோர்ப் என்னும் அறிஞர் யோசனை கூறினார். ஓம் பிஸ்மதையும் செம்பையும் இணைத்து, ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். ஓட்டம் நிலைபெற்றது. 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலகலால் ஓட்டத்தை அளந்தார். கம்பியின் தடையோடு சுற்றின் ஏனைய தடையையும் கூட்டினால், அக்கூட்டுத்தொகை இரட்டிக்க ஓட்டம் பாதியாகின்றது! அந்தப் பனிக்கட்டியும் கொதிநீரும் இன்றும் எந்தப் பாடசாலைக்கும் எட்டாத பொருள்களல்ல என்பதை ஆசிரிய நேயர்கள் கவனிப்பார்களாக.

1826இல் அரைச் சம்பள விடுமுறை பெற்று பேர்லின் சென்றார். மறு ஆண்டு நூலை வெளியிட்டார். வெப்பம் பரவுதலை ஒப்பாகக் கொண்டு கணித வழியில் விதியை நிறுவிய நூல் அது. ஜேர்மன் பௌதிக அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. வகுப்பிற் செய்வதுபோலக் கம்பியையும் ஊசியையும் முதலிற் காட்டி, கணிதத்தைப் பின்னே வைத்திருப்பாராயின், நூலுக்கு வேறு வரவேற்புக் கிடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி வரவில்லை. 1828இல் கொலோன் வேலையையும் துறந்தார். சில ஆண்டுகள் பேர்லினிற் சொற்ப ஊதியத்துக்குக் கணிதம் கற்பித்தார்.

1833இல் நூரெம்பேர்க் தொழினுட்பக் கல்லூரி அவரை ஏற்றது. 1841இல் இலண்டன் வேத்தியற் கழகம் கொப்ளி பதக்கம் வழங்கியது. மியூனிக் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் பதவி 1852இல், அவரது அறுபத்து மூன்றாம் வயதிலேதான் வந்தது. இரண்டு ஆண்டுகளே அதனை வகித்து, 1854இற் காலமானார்.