நடக்குறவங்க யாரு?

'நடக்க ஏத்த நகரம்'னாலே நமக்கு பாண்டி பஜார் ஞாபகம் வரும். 2019 நவம்பர்ல திறந்தாங்க. அகலமான நடைபாதை, உட்கார பெஞ்ச். எனக்கும் பிடிக்கும். ஆனா அங்க நான் நடக்குறது ஷாப்பிங்குக்கு. கால் வலிச்சா ஆட்டோ.

குந்தாரப்பள்ளியில வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. பக்கத்துலயே பெங்களூரு போற ஆறுவழிச் சாலை. போன மாசம் ஒரு அக்கா ரெண்டு ஆட்டைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு ரோட்டோரம் நின்னாங்க. லாரி, ஓசூர் கம்பெனி பஸ், கார்... நிக்கவே இல்ல. நான் டீ குடிச்சு முடிச்சப்போ, அவங்க நடு மீடியன் வரைக்கும்தான் போயிருந்தாங்க.

சென்னை மாநகராட்சி 2014லயே ஒரு கொள்கை கொண்டுவந்துச்சு: போக்குவரத்துப் பணத்துல 60 சதவீதம் நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும். 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதை அரசியலமைப்பின் 21வது பிரிவு தர்ற உரிமைன்னே சொல்லிடுச்சு. அந்த உரிமை தி.நகரோட நின்னுடுமா?

நாங்க கோட் எழுதுறதுக்கு முன்னாடி, 'யூசர் யாரு'ன்னு கேப்போம். இங்க அதைக் கேக்காம நடைமேம்பாலம்தான் தீர்வுன்னு சொல்லுவாங்க. ஆடு படி ஏறிடும். அக்காவோட முட்டி ஏறாது. அவங்களுக்கு வேணும்னா, படியே இல்லாத சுரங்கப்பாதை, அதுவும் சந்தைக்கு நேரா.