உயர்திணை மாந்தர்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)

 

ஆண், பெண் என்னும் இரு பாலுக்கும் இடையே நின்று துயருற்றவர்களை நமது இலக்கியமும் கலையும் எவ்வாறு போற்றின என்பது பற்றிப் பேச முன்வந்துள்ளோம். பொருளைக் கேட்டதும் சிலர் முகத்திலே புன்னகை அரும்புகின்றது. அந்தப் புன்னகையைப் பற்றியதே இவ்வுரை.

முதற்கண் எமது குற்றத்தை ஒப்புக்கொள்கின்றோம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழியிலே, சேலை உடுத்த ஒருவர் பஸ்ஸிலே ஏறினார். அவர் முகத்திலே ஆணின் சாயல் இருந்தது. "அது எங்கை இறங்குதாம்?" என்று ஒருவர் உரக்கக் கேட்டார். எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அவர் மறுமொழி கூறாது அடுத்த தரிப்பிலே இறங்கி, மழையிலே நடந்து போனார்.

'அது' என்பது அஃறிணைச் சொல். ஆண்மை திரிந்து பெண்மை நாடியோரைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே எடுத்துக் கூறுகின்றார். அவர்களுக்கெனத் தனியான ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளாலேயே அவர்களைச் சுட்டவேண்டும் என்றும் விதி வகுக்கின்றார். ஆகவே அன்று பஸ்ஸிலே பிழைத்தது அறம் மட்டுமன்று, இலக்கணமுந்தான்.

இனிப் பாரதத்துக்கு வருவோம். மிஷன் பாடசாலையிலே பயின்ற எமக்குப் பாரதம் வகுப்பறையிலே கிடைத்ததன்று. கோயில் மண்டபத்திலே பெரியோர் படித்துப் பயன் சொல்லக் கேட்டு அறிந்தது. பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதை அம்மனுக்குத் தீமிதித்து, பாரதத்தைக் கண்முன்னே நிகழ்த்திக் காட்டும் மரபினர் நாம் அல்லவா?

அஞ்ஞாதவாச காலத்திலே அருச்சுனன், பிருகந்நளை என்னும் பேடியாகி, விராடன் மகள் உத்தரைக்கு ஆடல் கற்பித்தான். ஆநிரை கவர வந்த கௌரவர் சேனையை முறியடித்தவனும் அவனே. தன் மகன் உத்தரனே வென்றான் என்று விராடன் மகிழ்ந்தபோது, கங்கன் என்னும் பெயரோடு மறைந்திருந்த தருமன் பிருகந்நளையைப் புகழ்ந்தான். பேடியையா புகழ்கிறாய் என்று வெகுண்ட மன்னன் சூதாடு காயை அவன் முகத்திலே வீசினான். தருமன் மூக்கிலிருந்து குருதி வடிந்தது. நாட்டைக் காத்தவர் யார் என்று சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது!

அருச்சுனன் ஓராண்டு கழிந்ததும் பழைய உருவை அடைந்தான். சிகண்டிக்கு அவ்வாறு எளிதில் முடியவில்லை. துருபதன் வீட்டிலே பெண்ணாய்ப் பிறந்து, ஆணாய் வளர்க்கப்பட்டு, ஓர் இளவரசிக்கு மணமும் செய்துவைக்கப்பட்டவர் சிகண்டி. உண்மை வெளிப்பட்டதும் பெண்ணின் தந்தை படையெடுத்து வந்தான். தம்மால் பெற்றோருக்கு நேர்ந்த பழியை எண்ணி, உயிரை விடுவதற்கென்றே சிகண்டி காட்டுக்குச் சென்றார். அங்கே ஸ்தூணன் என்னும் இயக்கன் அவர் துயரைக் கேட்டான். தன் ஆண்மையை அவருக்கு ஈந்து, அவர் பெண்மையைத் தான் ஏற்றான். அதற்காகக் குபேரனின் சாபத்தையும் பெற்றான். நாட்டிலே எவரும் கேளாத துயரைக் காட்டிலே ஓர் இயக்கன் கேட்டான் என்பதே இக்கதையின் உயிர் என்று கருதுகின்றோம்.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அண்மையிலுள்ள கூவாகத்திலே, ஆண்டுதோறும் சித்திரையிலே திருநங்கையர் கூடுகின்றனர். களப்பலியாகவிருந்த அரவானைக் கண்ணன் மோகினியாகி மணந்தான் என்ற கதையை நினைந்து தாலி கட்டுகின்றனர். மறுநாள் அதனை அறுத்து அழுகின்றனர். உலகம் தராத மணக்கோலத்தை ஒரு கதை அவர்களுக்குத் தருகின்றது.

கலையும் அவர்களைக் கைவிடவில்லை. மதுரையிலே பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சைக் கிட்டப்பாபிள்ளையிடம் பரதம் பயின்று, 2019ஆம் ஆண்டிலே பத்மஸ்ரீ விருது பெற்றார். சட்டமும் அசைந்துள்ளது. 2014ஆம் ஆண்டிலே இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. இலங்கையிலும் 2016ஆம் ஆண்டிலே பாலின அங்கீகாரச் சான்றிதழுக்குச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழி செய்தது.

ஆயினும், கடதாசியிலே எழுதப்பட்டது நாவிலே ஏறவேண்டும். சிகண்டியின் கதை கேட்டுக் கண்ணீர் விடும் நாம், சிகண்டி நம் வீட்டிலே பிறந்தால் என் செய்வோம்? காட்டுக்கு ஓட்டுவோமா? கேட்பதற்கு ஓர் இயக்கன் அங்கே இருப்பான் என்பதற்கு உறுதி உண்டா?

தோழர்களே, இம்மன்றம் பெரிய காரியம் எதுவும் செய்யவேண்டியதில்லை. 'அது' என்ற சொல்லை விடுத்து 'அவர்' என்போம். பிறர் சிரிக்கும் இடத்திலே சிரியாதிருப்போம். அந்த பஸ்ஸிலே நாம் செய்யத் தவறியது அவ்வளவே. அம்மையப்பனாய் ஓருருவிலே நிற்கும் இறைவனை வணங்கும் நமக்கு இது அரிதன்று.