சுவருக்குக் காசு கொடுத்தது யார்?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓடைப் பக்கத்துக் காம்பவுண்டு சுவரைப் பற்றி இன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாக ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: "அது பி பிளாக் பின்னாடி இருக்கிற சுவர், ஏ பிளாக்காரங்க எதுக்குக் கொடுக்கணும்?" பில்டரைக் கேளுங்கள், மாநகராட்சியைக் கேளுங்கள் என்றும் சிலர் சொல்கிறீர்கள். ராஜா காலத்துக் கோட்டைச் சுவருக்கே இந்தக் கேள்வி இருந்ததுங்க.

மதுரையை எடுத்துக்கொள்வோம். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் சுவரை இடித்துவிட்டுப் பெரிய கோட்டை கட்டினார். ஊரைச் சுற்றிச் சுவர், சுவரைச் சுற்றி அகழி, 72 கொத்தளங்கள். இத்தனையையும் காலாகாலத்துக்கும் அரண்மனைக் கஜானாவிலிருந்து காத்து நிற்க முடியுமா? அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தார்கள். பாளையக்காரருக்கு நிலமும் வரி வசூலும் உண்டு. பதிலுக்குக் கோட்டையில் ஆளுக்கொரு கொத்தளம் அவர் பொறுப்பு. 72 பாளையம், 72 கொத்தளம் என்பது மரபு. ராஜா பணமாகக் கொடுக்கவில்லை, வருமானம் வருகிற வழியைக் கொடுத்து வேலையைக் கட்டிவிட்டார். எனக்குப் பிடித்தது என்னவென்றால், எந்த மூலையில் கல் பெயர்ந்தாலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. 1220 வாக்கில் மூன்றாம் ஹென்றி ராஜா ஷ்ரூஸ்பரி என்ற ஊருக்கு, சுவருக்காகச் சுங்கம் வசூலிக்க அனுமதி கொடுத்தார். பிறகு பல ஊர்கள் அதைக் கேட்டு வாங்கின. 'மியூரேஜ்' என்று பேர். ஊருக்குள் விற்பனைக்கு வருகிற சரக்குக்கெல்லாம் வரி. கம்பளி, துணி, தோல், தானியம் எதுவும் தப்பாது. நம் ஊராக இருந்திருந்தால் நூல் மூட்டைக்கு இவ்வளவு, பனியன் பண்டலுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள்! இத்தனை வருஷம்தான் என்று கெடுவும் உண்டு. கெடு முடிந்தால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

கையில் காசு புழங்கினால் புகாரும் வரும். சுவர் பேரைச் சொல்லி அதிகமாக வாங்குகிறார்கள், வேறு செலவுக்குத் திருப்புகிறார்கள் என்று முறையீடு. ராஜா கணக்குப் பார்க்க ஆள் அனுப்பினார். 1275-இல் முதலாம் எட்வர்டு சட்டமே போட்டார்: அனுமதித்ததற்கு மேல் வசூலித்தால் அந்த உரிமை பறிபோகும். நம் பொருளாளரைச் சொல்லவில்லைங்க, சிரிக்காதீர்கள்.

மதுரைக்கு வருவோம். கம்பெனி ஆட்சி வந்து பாளையக்காரர்கள் போன பிறகு, அந்தச் சுவரை யாரும் சீந்தவில்லை. கொத்தளம் இடிந்தது, அகழி சாக்கடையானது. 1830-களின் கடைசியில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க முடிவெடுத்தார். இடிக்கவும் காசில்லை! சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே கிடைக்கும் என்றார். மளமளவென்று வேலை நடந்தது. பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றைக்கும் ஒரு தெரு இருக்கிறதே, அந்த வேலையில் இருந்தவர் பேர்தான் அது. வெளி வீதிகள் சுவரும் அகழியும் இருந்த இடம். விளக்குத்தூண் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது.

நம் சுவர் தானாக விழுந்தால் தெரு வராதுங்க. அந்தப் பக்கம் லைன் வீடுகள் இருக்கின்றன. பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள் சுவர் ஓரத்தில்தான் துவைக்கிறார்கள், பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய காம்பவுண்டு சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அதுவும் ஒரு குடியிருப்பின் பக்கத்துச் சுவர்தான். நம் சுவரில் தண்ணீர் வடியும் துளைகளெல்லாம் அடைத்துக் கிடக்கின்றன. செடிக்காக நாமே இந்தப் பக்கம் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருக்கிறோம். ஈரமண் தள்ளத் தள்ளச் சுவர் ஓடைப்பக்கம் சாய்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் யாருக்கும் இந்தக் கூட்டத்தில் ஓட்டில்லை.

பில்டர் பேச்சு வார்த்தைக்கு வந்தால் வரட்டும். அதற்காக ஐப்பசி மழை காத்திருக்காது. பிளாக் கணக்கை விட்டுவிடுங்கள், சதுர அடிக் கணக்கில் எல்லா வீடும் கொடுக்கலாம் என்பது கமிட்டியின் யோசனை. நம் சாயப்பட்டறைக்காரர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்குக்குத் தக்கபடி செலவை ஏற்கவில்லையா? ஆறு மாதத்துக்கு மட்டும். தனிக் கணக்கு. மாதா மாதம் வரவு செலவு லிப்ட் பக்கத்தில் ஒட்டப்படும். மீதி இருந்தால் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துவிடுவோம், பெயின்ட் அடிக்கப் போகாது.

தீர்மானத்தின் நகல் உங்கள் கையில் இருக்கிறது. கை தூக்குவதற்கு முன் ஒரு வேலை. சுவரை ஒட்டி நிறுத்திய பைக்குகளை இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள். காலையில் நானும் பொருளாளரும் லைன் வீட்டுக்காரர்களிடம் போய், வேலை முடிகிற வரை சுவர் பக்கம் யாரும் உட்கார வேண்டாம் என்று சொல்லப் போகிறோம். கூட வருகிறவர்கள் ஏழு மணிக்கு வாட்ச்மேன் ரூமுக்கு வாருங்கள்.