செங்கல்லும் வாக்குச் சீட்டும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அயல்நாட்டில் நான் கண்ட ஓர் இடத்தைப் பற்றி இளைஞர்களுக்குப் பயன்படும் வகையில் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். வானளாவும் கட்டடங்கள் நிறைந்த பெருநகரங்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே இன்று காட்சியகமாகப் பாதுகாக்கப்பட்டு வரும் ஒரு பழைய மாளிகையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பொதுவாக ஒரு மாளிகையைக் காணச் சென்றால் நமக்கு என்ன காட்டுகிறார்கள்? இது மன்னர் உறங்கிய கட்டில், இது அரசியார் முகம் பார்த்த கண்ணாடி, இது அவர்கள் ஏறிய பல்லக்கு என்று காட்டுகிறார்கள். பல்லக்கைத் தூக்கியவர் யார், சுண்ணாம்பு அரைத்தவர் யார், கல் சுமந்தவர் யார் என்பதை அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நம் முன்னோருள் பெரும்பாலோர் அந்தச் சொல்லப்படாத பக்கத்தில் நின்றவர்கள். ஆகவே எந்த மாளிகைக்குள் நுழைந்தாலும், வாழ்ந்தவர் யார் என்று கேட்பதோடு, கட்டியவர் யார் என்றும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. டஸ்கீகியில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அதுவே அந்த இடத்தின் சிறப்பு.

அவ்வூரில் இரண்டு மாளிகைகள் ஒன்றுக்கொன்று அருகில் நிற்கின்றன. ஒன்று, உயர்ந்த தூண்களை வரிசையாக உடைய ‘கிரே காலம்ஸ்’. அடிமைமுறை நடப்பிலிருந்த 1850களில் கட்டப்பட்டது. மற்றொன்று, ஓக் மரங்களின் பெயரைத் தாங்கிய ‘தி ஓக்ஸ்’. அகன்ற தாழ்வாரங்களை உடைய இந்தச் செங்கல் வீடு 1899இல் எழுந்தது. ஓர் அடிமைச் சிறுவனாகப் பிறந்து, ஒரு கல்வி நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டன் குடும்பத்துடன் வாழ்ந்த இல்லம் இதுவே. இந்த இல்லத்தையும் அதைச் சூழ்ந்த நிறுவனத்தையும் 1974இல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்றுக்கொண்டது.

வாஷிங்டன் 1856இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு புகையிலைப் பண்ணையில் பிறந்தார். 1861இல் அப்பண்ணையின் உரிமையாளர் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலில், அச்சிறுவனின் பெயர் விலையோடு எழுதப்பட்டிருக்கிறது. விலை 400 டாலர். எஜமானரின் மகள் பள்ளிக்குச் செல்லும்போது அவளுடைய புத்தகங்களைப் பள்ளி வாயில் வரை சுமந்து செல்வது அவருக்கிட்ட வேலைகளில் ஒன்று. வாயிலுக்கு அப்பால் செல்ல அவருக்கு அனுமதி இல்லை. விடுதலைக்குப் பிறகு உப்புக் காய்ச்சும் உலைக்களத்தில் வேலை செய்தார். அங்கே பீப்பாய்களின்மேல் குறிக்கப்பட்ட 18 என்னும் எண்தான் அவர் முதன்முதலில் கற்றுக்கொண்ட எழுத்து. பின்னர்ச் சுரங்கத்தில் உழைத்தார். 1872இல், ஏறத்தாழ 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் பள்ளியை நோக்கிப் புறப்பட்டார். கையில் காசு தீர்ந்ததும் நடந்தார். இரவில் நடைபாதைப் பலகைக்கு அடியில் படுத்து உறங்கினார். அங்கே அவருக்கு வைக்கப்பட்ட நுழைவுத் தேர்வு, ஓர் அறையைப் பெருக்கித் துடைப்பது. அதில் தேறிப் பள்ளியில் சேர்ந்தார்.

இளைஞர்களே! டஸ்கீகிப் பள்ளி பிறந்த கதையை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அவ்வூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்ற முன்னாள் அடிமை ஒருவர் இருந்தார். தகரவேலை, செருப்புத் தைத்தல், குதிரைச் சேணம் செய்தல் ஆகிய தொழில்களில் வல்லவர். பள்ளிக்கூடத்தில் படித்தவரல்லர், ஆயினும் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். 1880ஆம் ஆண்டுத் தேர்தலில், மாநில மேலவைக்குப் போட்டியிட்ட வெள்ளையர் ஒருவர் கறுப்பின மக்களின் வாக்குகளைப் பெற்றுத் தருமாறு அவரை அணுகினார். ஆடம்ஸ் தமக்கென எதையும் கேட்கவில்லை. “எங்கள் மக்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்” என்பதே அவர் முன்வைத்த கோரிக்கை. வேட்பாளர் வென்றார், மாநிலச் சட்டமன்றம் ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. எனவே அந்தப் பள்ளி ஒருவர் இரங்கி இட்ட பிச்சையன்று. வாக்குச் சீட்டின் வலிமையால் பெற்ற உரிமை. இதை மனத்தில் இருத்துங்கள். பின்னால் மீண்டும் இதற்கு வருவேன்.

அந்த 2,000 டாலரும் ஆசிரியர் சம்பளத்திற்கு மட்டுமே. நிலமோ கட்டடமோ வாங்க ஒரு காசும் இல்லை. 1881 ஜூலை 4ஆம் நாள், ஏறத்தாழ 30 மாணவர்களுடன் ஒரு குடிசையில் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்யும்போது, பாடம் கேட்கும் ஆசிரியரின் தலைக்குமேல் ஒரு மாணவர் குடை பிடித்து நிற்பாராம். சில மாதங்களில் கைவிடப்பட்ட ஒரு பண்ணை விலைக்கு வந்தது. 100 ஏக்கர், விலை 500 டாலர். பாதித் தொகையைக் கடனாகப் பெற்று நிலத்தைக் கைக்கொண்டார்கள். பண்ணையாரின் வீடு எரிந்துபோயிருந்தது. எஞ்சியவை ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு குதிரைக் கொட்டில், ஒரு கோழிக் கொட்டில். கோழிக் கொட்டிலைத் துப்புரவு செய்து வகுப்பறையாக்கினார்கள்.

அக்காலத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி, கந்தல் உடையோடு கோல் ஊன்றி வந்து, தாம் சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளை வாஷிங்டனிடம் கொடுத்து, அவற்றைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடச் சொன்னார். அந்நிறுவனத்திற்குப் பின்னாளில் கோடீசுவரர்கள் பலர் வாரி வழங்கினார்கள். எனினும் தம் நெஞ்சை அந்த ஆறு முட்டைகளைப்போல் தொட்ட நன்கொடை வேறில்லை என்ற கருத்தை வாஷிங்டன் தம் வரலாற்றில் எழுதி வைத்தார். வீடுதோறும் பிடியரிசி கொடுத்து விடுதிப் பிள்ளைகளின் பசி ஆற்றிய தாய்மார்கள் நிறைந்த இந்த அவையில், அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தச் செங்கல்லுக்கு வருவோம். கட்டடம் வேண்டும்; செங்கல் வாங்கப் பணமில்லை. நாமே செங்கல் அறுப்போம் என்றார் வாஷிங்டன். முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் மிதிப்பதை மாணவர் பலர் வெறுத்தனர். முதற் சூளை வீணாயிற்று. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே ஆயின. கையில் காசில்லாத நிலையில், அவர் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டினார். அது வென்றது. கடிகாரத்தை அவர் மீட்கவே இல்லை. இருபது ஆண்டுகளுக்குள், ஒரே பருவத்தில் 12 இலட்சம் செங்கற்கள் அறுக்கும் அளவுக்கு அத்தொழில் வளர்ந்தது. அங்கெழுந்த 40 கட்டடங்களில் நான்கு நீங்கலாக ஏனையவை அனைத்தும் மாணவர் உழைப்பால் ஆனவை.

‘தி ஓக்ஸ்’ இல்லமும் அவ்வாறே மாணவர்கள் அறுத்த செங்கல்லால், மாணவர்களின் கைகளால் எழுந்தது. அதற்கு வரைபடம் வகுத்தவர் இராபர்ட் டெய்லர். அடிமையாக இருந்த ஒருவரின் மகன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1892இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். மண் மிதித்தவனும் நம்மவன், வரைபடம் வகுத்தவனும் நம்மவன், குடியிருந்தவனும் நம்மவன் என்று அம்மக்கள் சொல்லக்கூடிய மாளிகை அது. அதன் தாழ்வாரத்தில் நின்றபோது என் உள்ளம் நிறைந்தது.

ஆனால் அன்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை மண் மிதிக்க வைப்பதை அவ்வூர்ப் பெற்றோர் பலர் எதிர்த்தனர். “இந்த வேலையைத்தானே அடிமைகளாக இருந்தபோதும் செய்தோம், எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுங்கள்” என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. உழைப்பு இழிவன்று, ஆனால் பிறப்பைக் காட்டி ஒருவன்மேல் சுமத்தப்படும் உழைப்பு இழிவே. சாதி என்பது தொழிலை மட்டும் பிரிப்பதன்று, தொழிலாளரையே மேல் கீழாகப் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எடுத்துரைத்தார். விரும்பிக் கற்கும் தொழிலையும் விதித்துத் தள்ளும் தொழிலையும் ஒன்றாகக் கருதுபவன் நம் வரலாற்றை அறியாதவன்.

வாஷிங்டனின் வழியை அவருடைய மக்களே விவாதித்தார்கள். 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில் அவர், முதலில் தொழிலும் பொருளும் தேடுவோம், சமூகச் சமத்துவத்துக்கான கிளர்ச்சி இப்போது வேண்டாம் என்ற கருத்தை முன்வைத்தார். பேரறிஞர் டூ பாய்ஸ் 1903இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். வாக்குரிமையும் உயர்கல்வியும் இல்லாத தொழிற்கல்வி நம்மை நிரந்தர வேலைக்காரராக்கும் என்று வாதிட்டார். அதற்குள் 1901ஆம் ஆண்டின் அலபாமா அரசியல் சட்டம், வரி, சொத்து, எழுத்தறிவு என்னும் தடைகளை எழுப்பிக் கறுப்பின மக்களின் வாக்குகளைப் பறித்துவிட்டது. எந்த வாக்கினால் டஸ்கீகிப் பள்ளி பிறந்ததோ அந்த வாக்கே போயிற்று. வெளியில் அமைதி காத்த வாஷிங்டன், அச்சட்டத்தை எதிர்த்த வழக்குக்கு மறைவாகப் பொருளுதவி செய்தார் என்பது பின்னாளில் தெரியவந்தது. அவ்வழக்கு 1903இல் தோற்றது. வாஷிங்டன் 1915 நவம்பர் 14ஆம் நாள் மறைந்தார்.

இந்த விவாதம் நமக்கு அயலானதன்று. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார்; 1946இல், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டைப் பற்றி டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

வாஷிங்டன் மறைந்தபின் நடந்ததைக் கேளுங்கள். டஸ்கீகியில் படித்தவர் பெருகினர். படிப்படியாகப் போராடி வாக்காளர் பட்டியலில் ஏறினர். 1957இல் மாநிலச் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? நாற்கோணமாக இருந்த ஊர் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட ஒரு கோணல் உருவமாக மாற்றி வரைந்தது. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளருள் நான்கைந்து பேர் நீங்கலாக அனைவரும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேறவில்லை. கல்வி நிறுவனமும் ஊருக்குப் புறம்பாயிற்று.

ஊர் வேறு, சேரி வேறு என்று எல்லை கிழிக்கப்பட்ட மண்ணில் பிறந்த நமக்கு, இது புரியாத செய்தியா? இலட்சக்கணக்கான செங்கல் அறுத்தும், உலகப் புகழ் பெற்றும், ஒரு கோட்டினால் அவர்களைப் புறச்சேரியாக்க முடிந்தது. செங்கல் வீட்டைத் தரும். வீடு ஊருக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை வாக்குச் சீட்டே முடிவு செய்கிறது.

அம்மக்கள் சோர்ந்துவிடவில்லை. அந்நிறுவனத்தின் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் தலைமையில் ஒன்று திரண்டு, தங்களை வெளியேற்றிய ஊரின் வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்க மறுத்தார்கள். வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வந்த நாள் 1960 நவம்பர் 14. வாஷிங்டன் மறைந்து சரியாக 45 ஆண்டுகள். அதன் பின்னரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1966 ஜனவரியில், வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட கழிப்பறையைப் பயன்படுத்த முயன்ற சாமி யங் என்னும் டஸ்கீகி மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்காளர் பட்டியலில் மக்களைச் சேர்க்கப் பாடுபட்ட இளைஞர் அவர். அடிமைக் காலத்து ‘கிரே காலம்ஸ்’ மாளிகையோ பிற்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் வாழும் இல்லமாயிற்று. காலம் அவ்வாறும் திரும்பும், திருப்புவோர் இருந்தால்.

இளைஞர்களே! உங்களிடம் நான் வேண்டுவன மூன்று. ஒன்று: ஏதேனும் ஒரு தொழிலில் எவரும் குறைசொல்ல முடியாத தேர்ச்சி பெறுங்கள், அத்தொழிலை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டு: சட்டம் பயிலுங்கள், ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் நம் தெருவின் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபாருங்கள். ஆடம்ஸைப்போல் அந்த வாக்குக்கு ஈடாகப் பணம் கேளாமல் பள்ளிக்கூடம் கேளுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் இந்த மலரைப் பற்றியது. ‘தி ஓக்ஸ்’ மாளிகையில் வாஷிங்டனின் பெயர் நிலைத்திருக்கிறது. டெய்லரின் பெயர் நிலைத்திருக்கிறது. ஆனால் அந்தச் செங்கற்களை அறுத்த மாணவர்களின் பெயரைச் செங்கல் சொல்லவில்லை. ஆறு முட்டை தந்த மூதாட்டியின் பெயர் வாஷிங்டனின் நூலிலும் இல்லை. நம் கழகத்திற்கு அக்குறை நேர வேண்டாம். கூலியில் ஒரு நாள் பங்கைக் கொடுத்தவர், பிடியரிசி அளந்தவர், விடுதிக் கூரை வேய்ந்தவர், இரவுப் பள்ளியில் விளக்கேற்றியவர் ஆகிய அனைவரின் பெயரையும் முதியோரிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். விலையோடு எழுதப்பட்ட பெயர்ப் பட்டியல் ஒரு காலத்தில் இருந்தது. நன்றியோடு எழுதப்படும் பட்டியல் நம் கையால் உருவாகட்டும்.

கழகம் பொன்விழாக் காணும்போது, அப்பட்டியல் அதன் முகப்பில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விழைகிறேன்.