ஓர் அறையே களமாக

மரக்காணத்து உப்பளப் பாத்தியில் நாள் முழுதும் காட்சி மாறுவதில்லை. ஆயினும் உழைப்பவர் கண் அதனைவிட்டு அகல்வதில்லை. மழை பெய்தால் விளைந்த உப்பு கரைந்துவிடும் அன்றோ?

ஓரிடத்தில் நிகழும் மர்மப் படத்திற்கும் இத்தகைய அச்சமே உயிர். 2019-இல் பார்த்திபன் எழுதி, இயக்கி, நடித்த 'ஒத்த செருப்பு சைஸ் 7' காவல் நிலைய விசாரணையாகவே நடைபெறுகிறது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்ட அவருடைய முகம் ஒன்றே திரையில் தோன்றும். விசாரிக்கும் அதிகாரிகளோ வெறுங் குரல்கள். காணாத முகங்களை நாமே வரைந்துகொள்கிறோம். வானொலி நாடகம் கேட்டுப் பழகியோர்க்கு இது புதிதன்று! சிற்சில இடங்களில் பேச்சு மிகுந்து சலிப்புத் தட்டுவது உண்மையே. அங்கெல்லாம் நம்மை இருத்திவைப்பது ஒலி. அப்படத்தின் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது முற்றிலும் தகும்.