சோறூட்டப் போன அம்மா

ஹாங்காங்கில் அடுத்தவர் பிள்ளைக்குச் சோறூட்டுகிறாள் ஒரு பிலிப்பைன்ஸ் தாய். அவள் பிள்ளை ஊரில், பாட்டியிடம். சோப்பு, சாக்லேட், டப்பா இறைச்சி எல்லாம் அடைத்து 'பாலிக்பாயன்' பெட்டி அனுப்புகிறாள். அந்தப் பிள்ளையும் வளர்ந்து நர்ஸ் படிக்கும். எதற்கு? வெளிநாடு போகத்தான்!

1974-இல் அதிபர் மார்க்கோஸ் ஆட்சியின் தொழிலாளர் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசுக் கொள்கையாகவே ஆக்கியது. கொஞ்ச காலத்துக்கு என்று நினைத்தார்கள்; ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

போகாதவர்கள்? பலரை நிறுத்தி வைத்தது கால் சென்டர். மணிலாவில் ராத்திரியெல்லாம் விழித்து அமெரிக்கர்களுக்குப் பதில் சொல்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, ஆனால் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட முடிகிறது.

உள்ளூரில் கட்டுப்படியாகும் சம்பளம் கிடைத்தால், பலர் விமானம் ஏறவே மாட்டார்கள் என்பேன்.