நாக்கு நுனியில் நிற்கும் பேர்

பழவேற்காடு ஏரிக்கரையில், பூவரச நிழலில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. முந்தின நாள் தன்னோடு படகில் வந்தவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், பேர் வரவில்லை. "அவன்தாம்பா... கோட்டைக்குப்பத்துக்காரன்... எனக்கு மச்சான் முறை..." கையிலிருந்த ஊசி மட்டும் நிற்கவே இல்லை, ஒரு கண்ணி தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தாவுக்கு மறதி" என்று பேரன் சிரித்தான்.

மறதியா? மடவை மீனைப் பற்றிக் கேட்டேன். வாடைக்காற்றில் தொடங்கி, முகத்துவாரம் மண்மூடினால் வரத்து படுகிற பாடு வரை மூச்சுவிடாமல் சொன்னார். ஏரியில் வலை போடும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கத்தில் எப்போது யார் முறை என்பதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இப்படிப் பேர் மட்டும் நாக்கு நுனியில் நின்றுபோவதை டெபோரா பர்க் என்ற உளவியலாளரும் குழுவினரும் 1991-லேயே ஆராய்ந்தார்கள். வயதாக ஆகச் சொல்லின் பொருள் அப்படியே இருக்கிறது. பொருளிலிருந்து ஒலிக்குப் போகும் கயிறுதான் தளர்கிறது. ஆள்பெயரில் அது அதிகம். மடவை என்றால் குழம்பு வாசனை, வலைக்கண்ணி, பருவம் என்று பத்துக் கயிறு கட்டியிருக்கும். ஓர் ஆளின் பேருக்கோ ஒரே கயிறு. அடிக்கடி கூப்பிட்டால் அது இறுகும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. வீட்டில் தமிழ், வியாபாரத்தில் தெலுங்கு என்று வாழ்கிறவர்கள் இங்கே உண்டு. ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் டிமென்ஷியா என்கிற மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு இது: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது. மற்ற நாட்டு ஆய்வுகளில் சில இதற்கு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் நம் பக்கத்து ஊர்க் கணக்கை நான் லேசில் தள்ளமாட்டேன்.

மறதி என்று நாம் நினைப்பதற்குக் காதும் ஒரு காரணம். படகு எஞ்சின் இரைச்சலிலேயே காலம் கழித்தவருக்குப் பாதிச் சொல் விழாது. நாமோ புத்தி மங்கிவிட்டது என்கிறோம். ஆனால் பழகிய துறைக்கே வழி தெரியாமல் திகைத்தால், ஊசி எதற்கு என்றே மறந்தால், வயசு என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேரன் அன்று பேரை எடுத்துக்கொடுக்கப் போனான். பெரியவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். நான் விடைபெற்றுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பாதி வழியில், பின்னாலிருந்து, ஊருக்கே கேட்கிற குரலில் வந்து சேர்ந்தது அந்தப் பேர்.